சீட்டு இல்லாமல் லேபுக்குப் போகும்போது: பாலக்காட்டு எல்லைக்காரர்களுக்கு

வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு லேப் என்றால் இரண்டு திசை: மேற்கே பாலக்காடு, கிழக்கே பொள்ளாச்சியும் கோவையும். எந்தப் பக்கம் போனால் டாக்டர் சீட்டு கேட்க மாட்டார்கள் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கிறது. சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, ரத்த அணுக்கள் போன்ற அன்றாட டெஸ்டுகளுக்குத் தனியார் லேபில் இரு பக்கமும் பொதுவாகச் சீட்டு கேட்பதில்லை. டாக்டர் பெயர் வரும் இடத்தில் 'செல்ஃப்' என்று போட்டுவிடுவார்கள். அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போட்டு, டாக்டர் எழுதினால்தான் நடக்கும். இன்சூரன்ஸில் பணம் கேட்கும் எண்ணம் இருந்தால் தனியாரிலும் டாக்டர் சீட்டோடு போங்கள். ரிப்போர்ட்டில் பெயரும் இனிஷியலும் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். இனிஷியல் மாறினாலே பில் திரும்பி வரலாம்.

சில டெஸ்டுகளுக்குச் செக்போஸ்டைத் தாண்டியும் பயனில்லை, ஏனென்றால் அவற்றின் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். எச்.ஐ.வி. டெஸ்டுக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் சம்மதமும், முன்னும் பின்னும் ஆலோசனையும் வேண்டும். அரசு மருத்துவமனைகளில் உள்ள ஐ.சி.டி.சி. என்ற எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையத்தில் இது இலவசம். டாக்டர் எழுதித் தர வேண்டியதில்லை, நேரே போகலாம். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரு மாநிலத்திலும் குற்றம். எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் கதிர்வீச்சு சம்பந்தப்பட்டவை, டாக்டர் எழுத வேண்டும். காசநோய்க்கு ரத்தத்தில் ஆன்டிபாடி பார்க்கும் டெஸ்டை 2012-இலேயே தடை செய்துவிட்டார்கள். யாராவது செய்து தருவதாகச் சொன்னால் அந்த லேபை விட்டு வெளியே வந்துவிடுங்கள். அரசு மருத்துவமனையில் சளி கொடுத்தால் இலவசமாகவே பார்ப்பார்கள்.

இனி ரத்தம் கொடுப்பது. வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு 8 மணி நேரமாவது, கொழுப்பும் சேர்த்துப் பார்த்தால் 10 முதல் 12 மணி நேரம் பட்டினி இருக்க வேண்டும். பச்சைத் தண்ணீர் மட்டும் குடிக்கலாம். பால் சேர்க்காத கட்டஞ்சாயா குடித்தாலும் பட்டினி கலைந்ததாகத்தான் கணக்கு. சாப்பிட்ட பின் பார்க்கும் சர்க்கரைக்கு முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து 2 மணி, வழக்கமான சாப்பாடு, வழக்கமான மாத்திரை. "டெஸ்டுக்காக இன்று இட்லி ஒன்றுதான்" என்றால் அது உங்களை நீங்களே ஏமாற்றுவது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் 'மூன்று மாதச் சர்க்கரை' டெஸ்டுக்கு (எச்.பி.ஏ.1.சி.) பட்டினி தேவையில்லை, ஆனால் ரத்தசோகை இருந்தால் அந்த எண் தவறலாம். தைராய்டு மாத்திரையை அன்று ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். முடி கொட்டுவதற்காகப் பயோட்டின் சாப்பிடுபவர்கள் 2, 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். சில மெஷின்களில் அது தைராய்டு டெஸ்டில் வரும் டி.எஸ்.எச். அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

கவுண்டரில் கேட்க வேண்டிய ஒரு கேள்வி: "இங்கேயே செய்வீங்களா, வெளியே அனுப்புவீங்களா?" சின்ன ஊர்களில் பல இடங்கள் ரத்தம் சேகரிக்கும் மையங்கள்தான். ரத்தத்தை எடுத்துப்போகும் வண்டி எப்போது கிளம்பும் என்று கேட்டு, அதற்குச் சற்று முன்பு கொடுங்கள். சர்க்கரைக்கான ரத்தம் சாம்பல் மூடிக் குழாயில் போக வேண்டும். அதிலுள்ள ஃப்ளோரைடு சர்க்கரை கரைவதைத் தடுக்கும். சிவப்பு மூடிக் குழாயில் எடுத்து, ரத்த அணுக்களைப் பிரிக்காமல் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரை குறைந்துகொண்டே போகும். 130 இருந்தவருக்கு இரண்டு மணி நேரத்தில் 115 என்று வரும், அவரும் நிம்மதியாக வீட்டுக்குப் போவார். ஊதா மூடி ரத்த அணுக்களுக்கும் மூன்று மாதச் சர்க்கரைக்கும். ஊதாக் குழாயின் மருந்து அடுத்த குழாயில் ஒரு துளி கலந்தாலும் பொட்டாசியம் ஏறியும் கால்சியம் இறங்கியும் காட்டும். அதனால் ஊதாவும் சாம்பலும் கடைசியாகத்தான் நிரம்ப வேண்டும். குழாயில் உங்கள் பெயர் ஒட்டுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

கேரளத்தில் 2018-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டணப் பட்டியல் எல்லோருக்கும் தெரியும்படி வைத்திருக்க வேண்டும்; பணம் கட்டும் முன் பாருங்கள். ரிப்போர்ட்டில் கையெழுத்திட்டவரின் பெயர், படிப்பு, பதிவு எண் இருக்கிறதா என்றும், லேபின் தரத்துக்குத் தேசிய அளவில் தரப்படும் என்.ஏ.பி.எல். அங்கீகார முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். டி.எஸ்.எச். போன்றவற்றைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் இம்முறை பாலக்காடு, அடுத்த முறை கோவை என்று மாற்ற வேண்டாம். மெஷின் மாறினால் எண்ணும் கொஞ்சம் மாறும், அதைப் பார்த்து மாத்திரை அளவைக் கூட்டிக் குறைத்துவிடுவார்கள்.