அவசர காலத்திலும் தொழில் நடக்க: கொழும்பு வணிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடைசியாகப் பட்ட அடிக்கு மட்டும் மருந்து தேடுவதே நம்மவர் செய்யும் முதல் தவறு. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பகுதிகளை மூழ்கடித்ததைக் கண்டு களஞ்சியத்தின் தரையை உயர்த்திய ஒருவருக்கு, 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின் வந்த ஊரடங்கிலோ 2020 மார்ச்சில் தொடங்கிய முடக்கத்திலோ அந்த உயரமான தரையால் எந்தப் பயனும் இருந்திராது. ஆகவே வெள்ளம், கலவரம், தொற்று என்று ஆபத்துகளுக்குப் பெயரிட்டுப் பட்டியல் போடுவதைவிட, கட்டடம், மின்சாரம், ஆட்கள், சரக்கு, கொடுக்கல் வாங்கல் ஆகியவற்றில் ஒவ்வொன்றும் ஒரு வாரம் இல்லாமற்போனால் எந்த வேலை நிற்கும் என்று கேட்பதே பயன் தரும். 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் இருளில் மூழ்கியதற்குப் பாணந்துறை உபமின்நிலையத்தில் புகுந்த ஒரு குரங்கே காரணம் எனக் கூறப்பட்டது. எவருடைய பட்டியலிலும் குரங்கு இருந்திருக்காது.

அன்று மின்பிறப்பாக்கி வைத்திருந்தோர் தப்பினர். ஆனால் 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, அதே இயந்திரத்துக்கு ஊற்ற டீசல் கிடைக்கவில்லை. எரிபொருளை இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணி இல்லாமற்போனதே மின்வெட்டையும் டீசல் வரிசையையும் பெரிதும் உண்டாக்கியது என்பதால், மின்சாரத்துக்கு மாற்றாக நம்பியது மின்சாரத்தோடு சேர்ந்தே வீழ்ந்தது. மாற்று ஏற்பாடு எதுவானாலும், மூலத்தைச் சாய்க்கும் காரணம் அதையும் சாய்க்குமா என்று பார்க்காமல் பணத்தைக் கொட்டுவது, என் கணிப்பில், எல்லாவற்றிலும் செலவு மிகுந்த தவறு. கணினிக் கணக்குகளின் பிரதியைப் பென்டிரைவில் எடுத்து அதே மேசை இலாச்சியில் வைப்பதும் இவ்வகையே. கட்டளைகள் யாவும் வட்ஸ்அப் வழியே வரும் கடைகளும், 2022 ஏப்ரல் 3 அன்று சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டதை நினைவிற்கொண்டு, முக்கிய வாடிக்கையாளர்களின் தொலைபேசி இலக்கங்களைக் கொப்பியிலும் எழுதி வைத்திருக்க வேண்டும்.

காப்புறுதிப் பத்திரத்தை வாசிக்காமல் கையொப்பமிடுவது அடுத்தது. தீக்காப்புறுதி எடுத்தவுடன் எல்லாம் அடங்கிவிட்டதாகப் பலர் எண்ணுகின்றனர். வெள்ளமும் கலகமும் பொதுவாக மேலதிகக் கட்டணம் செலுத்திச் சேர்க்க வேண்டியவை. தொழில் தடைப்படுவதால் வரும் வருமான இழப்புக்கான காப்புறுதியும் பெரும்பாலும் சொத்துக்குச் சேதம் ஏற்பட்டால்தான் பலன் தரும் என்பதால், கடை நனையாமல் வீதி மட்டும் அடைபட்டு வியாபாரம் படுத்தால் இழப்பீடு வருமா என்பதை முகவரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.

கங்கையோரத்தில் களஞ்சியம் உள்ளோர், வாசலில் தண்ணீர் தெரியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கொழும்பில் களனி கங்கையின் உயரத்தை அளக்கும் நாகலகம் வீதி அளவுகோல் காட்டும் நீர்மட்டத்தை நீர்ப்பாசனத் திணைக்களம் அறிவிக்கிறது, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 இல் அழைக்கலாம். எந்த மட்டத்தில் எந்தச் சரக்கை யார் மேலே ஏற்றுவது என்பதை வெயில் நாளிலேயே தீர்மானித்துவிடலாம்.

இத்தனையும் எழுதிக் கோப்பில் போட்டுவிட்டு ஒருமுறையேனும் ஒத்திகை பாராதிருப்பதும், கடவுச்சொல்லும் காசோலைக் கையொப்ப அதிகாரமும் ஒருவரிடமே கிடப்பதும் சேர்ந்தே வரும் குறைகள். ஒரு சனிக்கிழமை அரை நாள் பிரதான மின்னாளியை அணைத்துவிட்டு வியாபாரத்தை நடத்திப் பார்க்கலாம். முதலாளி ஊரில் இல்லாத நாளாக அது அமைந்தால் இன்னும் நல்லது.