நகராட்சியின் ஐந்தாண்டு வேலைகளுக்கு முன்னுரிமை வகுப்பது எப்படி?

தமிழ்நாட்டில் புதுப்புது மனைப்பிரிவுகளோடு விரியும் நகராட்சிகளில், இருக்கிற பணத்தை வார்டு வாரியாகச் சமமாகப் பங்கிட்டுவிடுவது வழக்கம். மன்றத்தில் சண்டை வராது, வேலையும் உருப்படாது. பிரதான குழாயும் மழைநீர் வடிகாலும் வார்டு எல்லை பார்த்து ஓடுவதில்லை. ஊர் முழுவதற்கும் ஒரே வரிசைப் பட்டியல் போடுங்கள்.

முதலில் எது யார் அதிகாரம் என்று பிரித்துப் பாருங்கள். 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் (1992) பன்னிரண்டாம் அட்டவணையில் நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைச் சொல்கிறது. ஆனால் எதை ஒப்படைப்பது என்பது மாநிலச் சட்டத்தின் கையில். தீயணைப்பு அந்த அட்டவணையில் இருக்கிறது; இங்கே அது மாநிலத் துறை. அதனால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் எதிரே மூன்று கட்டங்கள் இடுங்கள்: சொத்து யாருடையது, அனுமதி யார் தருவது, பராமரிப்புச் செலவு யாருடையது. நெடுஞ்சாலைத் துறைச் சாலையும் நீர்வளத் துறை ஏரியும் உங்கள் செலவுப் பட்டியலில் வரக்கூடாது. அவற்றுக்குத் தனித் தீர்மானம் போட்டு அந்தத் துறைக்கு அனுப்பிப் பின்தொடருங்கள்.

அடுத்தது பணம். கேட்புத் தொகையை (வரியாகவும் கட்டணமாகவும் வரவேண்டிய மொத்தத்தை) வைத்துக் கணக்குப் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கடந்த மூன்று ஆண்டுகளில் உண்மையாக வசூலான தொகையை எடுங்கள். சம்பளம், ஓய்வூதியம், மின்கட்டணம், கூட்டுக் குடிநீருக்கான கட்டணம், கடன் தவணை எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவதுதான் உங்கள் கைப்பணம். கல்வி நிதியைச் சாலைக்குத் திருப்ப முடியாது. மத்திய நிதிக்குழு மானியத்திலும் கட்டுண்ட பங்கு உண்டு: 2021–26 காலத்தில் பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கு 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே வந்தது. எனவே பட்டியலில் ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் நிதியின் பெயர் இருக்க வேண்டும்.

இனி தேவை. இன்று 60,000 பேர், திட்டம் முடியும்போது 80,000 பேர் என்றால், 80,000-க்கே கணக்கிடுங்கள். பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், மொத்தம் 1.08 கோடி லிட்டர். குழாயில் 15 சதவீதம் வீணாகும் என்று கொண்டால் சுமார் 1.27 கோடி லிட்டர் ஏற்ற வேண்டும். வீடுகளுக்குச் சேரும் நீரில் 80 சதவீதம், அதாவது ஏறக்குறைய 86 லட்சம் லிட்டர், கழிவுநீராகத் திரும்பும். தண்ணீர்த் திட்டத்தை எடுத்துவிட்டுச் சாக்கடையைத் தள்ளிப்போடும் ஊரில் இந்த 86 லட்சமும் மழைநீர் வடிகாலில்தான் விழும்.

வரிசை எப்போதும் மண்ணுக்கு அடியிலிருந்து மேலே: சாக்கடை, குடிநீர்க் குழாய், வடிகால், கடைசியில் சாலை. பள்ளத்தை ஒரே மூச்சில் மண் கொட்டி மூடினால் முதல் மழையிலேயே உள்வாங்கும். 15 முதல் 20 சென்டிமீட்டர் அடுக்காகப் போட்டு, நீர் தெளித்து இறுக்க வேண்டும். முடிந்தால் ஒரு மழைக்காலம் கழித்தே மேல்தளம் போடுங்கள்.

பணமே கேட்காத, ஆனால் தாமதித்தால் கைநழுவும் வேலை ஒன்று உண்டு: திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலம். 10,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவில், சாலை நீங்கலாக 10 சதவீதத்தை மனை போடுபவர் திறந்தவெளிக்கென்று நிலமாகவே ஒப்படைக்க வேண்டும். தானப் பத்திரம் பதிவானதோடு கோப்பை மூடிவிடுகிறார்கள். பட்டா நகராட்சி பெயருக்கு மாறி, வேலியும் பலகையும் நிற்கும்வரை அது ஆக்கிரமிப்புக்குத் திறந்த இடம்தான். இதை முதல் ஆறு மாதத்திலேயே முடியுங்கள்.

வரைவுப் பட்டியலைப் பகுதி சபைகளுக்கு (வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடும் கூட்டங்களுக்கு) கொண்டு போங்கள். “என்ன வேண்டும்?” என்று பொதுவாகக் கேட்டால் தெருவிளக்கும் சிமென்ட் சாலையும்தான் பதிலாக வரும். மூன்று வேலைகளையும் அவற்றின் மதிப்பீட்டையும் பயன்பெறும் வீடுகளின் எண்ணிக்கையையும் பலகையில் எழுதி, எது முதலில் என்று கேளுங்கள். பதிலைக் கூட்டக் குறிப்பில் பதியுங்கள்.

மன்றத் தீர்மானத்தில் வேலையின் பெயர், வரிசை எண், நிதி, ஆண்டுப் பராமரிப்புச் செலவு, அந்த வரிசையில் வைத்த காரணம் ஆகிய ஐந்தும் இருக்கட்டும். வரிசையை மாற்ற விரும்புபவர் எந்த வேலை கீழே இறங்குகிறது என்பதையும் எழுதித் தர வேண்டும் என்ற நிபந்தனையை அதே தீர்மானத்தில் சேர்த்துவிடுங்கள்.