மாட்யூல் இல்லை என்று பைதான் சொல்லும்போது: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் பைதான் கற்கும் மாணவர்கள் சிஎஸ்வி கோப்புகளையும் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தையும் பற்றிய பாடங்களைப் பெரிய சிக்கலின்றிக் கடந்துவிடுகிறார்கள். வரைபடம் வரையும் பாடத்துக்கு வந்ததும்தான் ‘மாட்யூல் நாட் ஃபவுண்ட் எரர்: நோ மாட்யூல் நேம்ட் மேட்பிளாட்லிப்’ என்ற சிவப்பு வரியை முதன்முதலாகச் சந்திக்கிறார்கள். தஞ்சாவூரோ மன்னார்குடியோ வேதாரண்யமோ, எந்த ஊர் ஆய்வகமானாலும் இந்த வரிக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் ஒருவரைக் காணலாம். சிஎஸ்வி, எஸ்க்யூலைட்3, சிஸ், ஓஎஸ், கெட்ஆப்ட் ஆகிய மாட்யூல்கள், அதாவது நம் நிரலுக்குள் அழைத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுதிகள், பைதானை நிறுவும்போதே உடன் வந்துவிடுகின்றன. வரைபடம் வரையும் மேட்பிளாட்லிப் தனியே நிறுவ வேண்டியது. ஆகவே அதை நிறுவிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். பல நேரங்களில் முடிவதில்லை. நிறுவுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி கேட்கப்படாமலே போவதுதான் அதற்குக் காரணம்: எந்தப் பைதான், எங்கெங்கே தேடிவிட்டு, இல்லை என்கிறது?

இந்தச் செய்தியை ‘இந்த மாட்யூல் என் கணினியில் இல்லை’ என்று பொருள் கொள்வதே முதல் தவறு. செய்தி அவ்வளவு தூரம் சொல்லவில்லை. இப்போது இந்த நிரலை ஓட்டிக்கொண்டிருக்கும் பைதான், தனக்குத் தெரிந்த இடங்களில் தேடிப் பார்த்ததில் அந்தப் பெயரில் எதுவும் கிடைக்கவில்லை என்று மட்டுமே அது சொல்கிறது. தேடும் வரிசையும் வரையறுக்கப்பட்டதுதான்: பைதானுக்குள்ளேயே பொதிந்திருக்கும் சில மாட்யூல்கள், அடுத்து ஓடுகின்ற நிரல் இருக்கும் கோப்புறை, அதன்பின் இயங்குதளத்தின் அமைப்புகளுள் ஒன்றான ‘பைதான்பாத்’ என்ற சூழல் மாறியில் யாராவது குறித்து வைத்திருந்தால் அந்த இடங்கள், பிறகு பைதானோடு வந்த நூலகம், கடைசியாக, பேக்கேஜ் எனப்படும் மாட்யூல் தொகுப்புகளை நிறுவும் கருவியான பிப் கொண்டுவந்து சேர்க்கும் ‘சைட்-பேக்கேஜஸ்’ கோப்புறை. உள்ளே பொதிந்தவை நீங்கலாக மற்ற இடங்கள் அனைத்தையும் ‘சிஸ்.பாத்’ என்பதை அச்சிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். இந்தப் பிழைக்குத் தனிப்பெயர் கிடைத்தது 2016 டிசம்பரில் வந்த 3.6 பதிப்பில்தான், அதற்கு முந்தைய விளக்கங்களில் ‘இம்போர்ட் எரர்’ என்று இருந்தாலும் செய்தி இதுவேதான்.

கடைசி வரியை மட்டும் கைபேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு உதவி கேட்கும் வழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எது கிடைக்கவில்லை என்பதைக் கடைசி வரி சொல்லும். அதை யார் கேட்டார்கள் என்பதை மேலே உள்ள வரிகள்தான் சொல்லும். நீங்கள் எழுதிய கோப்பே கேட்டதா, நீங்கள் நிறுவிய பேக்கேஜ் ஒன்று தன் உள்ளிருந்து கேட்டதா என்பதைப் பொறுத்துத் தீர்வு முற்றிலும் மாறிவிடும்.

அதிக நேரத்தை விழுங்குவது, ஒரே கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட பைதான் இருப்பதை அறியாமலிருப்பது. “சார், பிப் போட்டாச்சு, ‘ரெக்வயர்மெண்ட் ஆல்ரெடி சாட்டிஸ்ஃபைட்’னு வருது, ஆனா ஓட மாட்டேங்குது” என்று மாணவர் சொன்னால், பெரும்பாலும் நோய் இதுதான். பைதான்.ஆர்க் தளத்திலிருந்து அவரே நிறுவியது ஒன்று, மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வழியாக வந்தது ஒன்று, கல்லூரியில் சேர்ந்த பிறகு போட்ட அனகோண்டா ஒன்று என்று மூன்று பைதான்கள் ஒரே மடிக்கணினியில் இருப்பது அரிதன்று. ஒவ்வொன்றுக்கும் தனிப் பிப், தனிச் ‘சைட்-பேக்கேஜஸ்’ கோப்புறை. கமாண்ட் பிராம்ப்டில் வெறுமனே ‘பிப்’ என்று தட்டினால் எந்தப் பைதானின் பிப் பதில் சொல்லும் என்பதைப் விண்டோஸ் கட்டளைகளைத் தேடும் கோப்புறைகளின் பட்டியலான பாதை வரிசைதான் தீர்மானிக்கிறது; நிரல் எழுதும் செயலியான விஎஸ் கோட் நிரலை ஓட்டுவதோ அதன் கீழ்ப்பட்டையில் தேர்ந்திருக்கும் பைதானைக் கொண்டு. கல்லணைக் கால்வாயில் தண்ணீரைத் திறந்துவிட்டு வெண்ணாற்றுப் பாசன வயலின் மடையில் காத்திருப்பது போன்ற வேலை இது.

தீர்வு, ஓடாத அந்த நிரலின் தலையிலேயே இரண்டு வரிகளைச் சேர்ப்பதில் தொடங்குகிறது: முதல் வரி ‘இம்போர்ட் சிஸ்’, இரண்டாவது வரி ‘பிரிண்ட்(சிஸ்.எக்ஸிக்யூட்டபிள்)’. வழக்கமாக எந்தப் பொத்தானை அழுத்தி ஓட்டுவீர்களோ அதையே அழுத்தி ஓட்டினால், பிழைக்கு முன்பாகவே ஒரு முழுப்பாதை அச்சாகும். அந்தப் பாதையை அப்படியே படியெடுத்து, கமாண்ட் பிராம்ப்டில் ஒட்டி, அதற்குப் பின்னால் ‘-எம் பிப் இன்ஸ்டால் மேட்பிளாட்லிப்’ என்று சேர்த்துத் தட்டினால், எந்தப் பைதான் இல்லை என்றதோ அதற்கே பேக்கேஜ் போய்ச் சேரும். பாதையில் இடைவெளி இருந்தால், அதாவது விண்டோஸ் பயனர் பெயரை முன்னெழுத்தோடு இடைவெளி விட்டு வைத்திருந்தால், பாதையை இரட்டை மேற்கோளுக்குள் இட வேண்டும். விண்டோஸில் எத்தனை பைதான்கள் இருக்கின்றன என்று பார்க்க, பைதானின் ‘லாஞ்சர்’ எனும் துவக்கி நிறுவப்பட்டிருந்தால் ‘பி.ஒய்’ என்ற இரண்டெழுத்துக் கட்டளைக்குப் பின் ஓர் இடைவெளியும் ஒரு சிறு கோடும் சுழியும் இட்டால் போதும். என்னைக் கேட்டால், புதியவர்கள் வெறும் ‘பிப்’ கட்டளையை மறந்துவிட்டு, எப்போதும் ‘பைதான் -எம் பிப்’ என்றே எழுதப் பழகுவது நல்லது. ஜூப்பிட்டர் ஏட்டில் வேலை செய்பவர்கள் விழுக்காட்டுக் குறியோடு பிப் கட்டளையை ஏட்டுக்குள்ளேயே எழுத வேண்டும். ஏட்டை ஓட்டும் பைதானுக்கே அது நிறுவும்.

அரசு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் என இரண்டு இயங்குதளங்கள் சேர்ந்திருந்ததால் இன்னொரு குழப்பமும் உண்டு. விண்டோஸில் நிறுவியது லினக்ஸுக்குத் தெரியாது. ஒன்றில் போட்டுவிட்டு மற்றொன்றில் ஓட்டுவது வீண்.

அடுத்த தவறு சற்றுச் சுவையானது, ஏனென்றால் குற்றவாளி மாணவரின் சொந்தக் கோப்பே. மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைச் சிஎஸ்வி கோப்பில் வைத்துக்கொண்டு, ஜூன் 12-க்கு முந்தைய வாரங்களில் அது 120 அடிக்கு எவ்வளவு கீழே நிற்கிறது என்பதைக் கோட்டு வரைபடமாகக் காட்ட விரும்பும் ஒருவர், பயிற்சிக் கோப்புக்கு ‘மேட்பிளாட்லிப்.பி.ஒய்’ என்றே பெயர் வைத்துவிடுகிறார். ஓடுகின்ற நிரலின் கோப்புறையையே பைதான் முன்னதாகத் தேடுமாகையால், உண்மையான மேட்பிளாட்லிப்பை அடைவதற்கு முன்பே மாணவரின் கோப்பு அகப்பட்டுவிடுகிறது. அப்போது வரும் செய்தியைக் கூர்ந்து பாருங்கள்: ‘நோ மாட்யூல் நேம்ட் மேட்பிளாட்லிப்.பைபிளாட்’ என்று தொடங்கி, ஓர் அரைப்புள்ளிக்குப் பின் ‘மேட்பிளாட்லிப் இஸ் நாட் எ பேக்கேஜ்’ என்று முடியும். அந்தப் பின்பாதி வந்துவிட்டால் நிறுவலில் கோளாறு இல்லை, பெயரில்தான் கோளாறு என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லிவிடலாம். ஆனால் கண்ணில் படுவது முன்பாதி மட்டுமே என்பதால் மாணவர் பேக்கேஜை நீக்கி, மறுபடி நிறுவி, பைதானையே நீக்கி, மறுபடி நிறுவி, கடைசியில் கணினி சரியில்லை என்ற முடிவுக்கு வருகிறார்.

கோப்புக்குச் ‘சிஎஸ்வி.பி.ஒய்’ என்றோ ‘ரேண்டம்.பி.ஒய்’ என்றோ பெயரிட்டால் பிழை வேறு முகத்தோடு வரும். மாட்யூல் கிடைத்துவிடுகிறது, ஆனால் அது தவறான மாட்யூல். ஆகவே ‘பார்ஷியலி இனிஷியலைஸ்ட் மாட்யூல்’ என்று தொடங்கி, சிஎஸ்வி-க்கு ‘ரீடர்’ என்ற பண்பு இல்லை என்று பைதான் முறையிடும். 2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்பு இந்த இடத்தில் கனிவாக நடந்துகொள்கிறது. நிலையான நூலகத்தில் உள்ள மாட்யூலின் பெயரையே கோப்புக்கு வைத்திருக்கிறீர்கள், பெயரை மாற்றிப் பாருங்கள் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. பழைய பதிப்புகளில் நாமே கண்டுபிடிக்க வேண்டும். அதே கோப்புறையில் எப்போதோ எழுதிப் போட்ட ‘ரேண்டம்.பி.ஒய்’ ஒன்று, அதற்குத் தொடர்பே இல்லாத புதிய நிரலையும் முடக்கும், ஏனென்றால் பெரிய பேக்கேஜ்கள் தமக்குள் பல நிலையான மாட்யூல்களை அழைப்பவை. பயிற்சிக் கோப்புகளுக்கு ‘மேட்டூர்_மட்டம்’, ‘குறுவை_கணக்கு’ என்பனபோல் நம்முடைய பெயர்களை ஆங்கில எழுத்தில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே எழாது. இடையில் அடிக்கோடு இடலாம்; சிறு கோடோ இடைவெளியோ கூடாது, அவை இருந்தால் அந்தக் கோப்பை இன்னொரு நிரலிலிருந்து வழக்கமான முறையில் இம்போர்ட் செய்ய இயலாது.

நிரலில் எழுதும் பெயரும் பிப்புக்குக் கொடுக்கும் பெயரும் ஒன்றே என்று நம்புவது மற்றொரு பிழை. நிரலில் சிவி2 என்று இருந்தால் நிறுவ வேண்டியது ‘ஓப்பன்சிவி-பைதான்’. பிஐஎல் என்றால் ‘பில்லோ’. பிஎஸ்4 என்றால் ‘பியூட்டிஃபுல்சூப்4’. எஸ்கேலேர்ன் என்றால் ‘சைகிட்-லேர்ன்’. ஆர்டுயினோவோடு பேசப் பயன்படும் ‘சீரியல்’ என்றால் ‘பைசீரியல்’. இவற்றுள் மிகவும் ஏமாற்றுவது வேர்ட் கோப்புகளைக் கையாளும் ‘டாக்எக்ஸ்’. நிறுவ வேண்டியது ‘பைதான்-டாக்எக்ஸ்’. ஆனால் வெறும் ‘டாக்எக்ஸ்’ என்ற பெயரிலும் ஒரு பழைய பேக்கேஜ் இருக்கிறது, பிப் அதை மறுபேச்சின்றி நிறுவிவிடும். நிரலை ஓட்டினால் ‘எக்ஸெப்ஷன்ஸ்’ என்ற மாட்யூல் இல்லை என்று புதிய பிழை வரும். அது பைதான் 2-இல் இருந்த மாட்யூல். அதைத் தேடி நிறுவப் புறப்படுபவர் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். தவறாக நிறுவியதை நீக்கிவிட்டுச் சரியான பெயரில் நிறுவுவதே வழி. பெயரை ஊகித்துத் தட்டுவதில் ஆபத்தும் உண்டு: புகழ்பெற்ற பேக்கேஜ்களின் பெயரை ஓரெழுத்து மாற்றித் தீங்கு செய்யும் நிரல்களை ஏற்றிவைப்பவர்கள் இருக்கிறார்கள். பெயரை அந்தந்தப் பேக்கேஜின் ஆவணத்திலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

சில சிறு தவறுகளை விரைவாகச் சொல்லிவிடலாம். பிப் கட்டளையை மூன்று கூர்க்குறிகள் தெரியும் பைதான் சாளரத்துக்குள் தட்டினால் ‘சின்டாக்ஸ் எரர்’தான் வரும்; அது கமாண்ட் பிராம்ப்டுக்கு உரிய கட்டளை. இம்போர்ட் வரியில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு விண்டோஸிலும் பார்க்கப்படும். நோட்பேடில் சேமித்த கோப்பு, பெயரின் இறுதியில் ‘.டிஎக்ஸ்டி’ ஒட்டிக்கொண்டு நிற்கலாம். விண்டோஸ் அந்த ஒட்டை மறைத்துவிடுவதால், கண்ணெதிரே கோப்பு இருந்தும் பைதான் இல்லை என்று சாதிக்கும். எக்ஸ்ப்ளோரரில் கோப்பு ஒட்டுகளைக் காட்டும் அமைப்பை இயக்கிவிட்டால் இது வெளிப்பட்டுவிடும்.

லினக்ஸில் வேறு கதை. உபுண்டு, டெபியன், டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் ஆகியவற்றில் சாளரங்களும் பொத்தான்களும் வரையும் டிகின்டர் இல்லை என்ற பிழை வந்தால் பிப்பை நாடிப் பயனில்லை. ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பைதான்3-டிகே’ என்ற கட்டளைதான் அதைக் கொண்டுவரும். டெபியன் 12 முதலான புதிய பதிப்புகளில் பிப் கொண்டு நேரடியாக நிறுவ முயன்றால் ‘எக்ஸ்டர்னலி மேனேஜ்ட் என்விரான்மெண்ட்’ என்று மறுக்கப்படும். இதை மீறுவதற்கென்றே ஒரு நீண்ட விருப்பம் இருக்கிறது, யூடியூபில் அதைச் சேர்க்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். இயங்குதளத்தின் சொந்தக் கருவிகள் அதே பைதானை நம்பி ஓடுகின்றன என்பதால் அந்த மறுப்பை மதிப்பதே நல்லது. ‘பைதான்3 -எம் வென்வ்’ கட்டளையால், தனக்கென்று தனிச் ‘சைட்-பேக்கேஜஸ்’ கோப்புறை கொண்ட மெய்நிகர் சூழல் ஒன்றை உருவாக்கி, அதை இயக்கிவிட்டு, அதற்குள் நிறுவிக்கொள்ளலாம்.

நூலகத்தில் கிடைத்த பழைய புத்தகத்தையோ சீனியர் விட்டுச்சென்ற திட்டப்பணியையோ பார்த்துத் தட்டச்சு செய்பவர்கள், நிறுவவே முடியாத மாட்யூலைத் தேடி அலைவதும் உண்டு. ‘யூஆர்எல்லிப்2’ பைதான் 3-இல் ‘யூஆர்எல்லிப்.ரிக்வெஸ்ட்’ ஆகிவிட்டது, பெரிய டி-யில் தொடங்கிய டிகின்டர் சிறிய டி-க்கு மாறிவிட்டது. அண்மைக் காலத்திலும் இந்தக் கழித்தல் நின்றுவிடவில்லை: 2023-இல் வந்த 3.12 பதிப்பிலிருந்து ‘டிஸ்ட்யூட்டில்ஸ்’, ‘இம்ப்’ ஆகியவையும், 3.13-இலிருந்து ‘சிஜிஐ’, ‘டெல்நெட்லிப்’ முதலியவையும் நீக்கப்பட்டுவிட்டன. இங்கே மாற்ற வேண்டியது நிரலை.

வீட்டில் இணையம் சரியாகக் கிடைக்காத கடலோரக் கிராமத்து மாணவர்கள், கல்லூரியில் உருவாக்கிய மெய்நிகர் சூழல் கோப்புறையைப் பென்டிரைவில் எடுத்துச் சென்று வீட்டுக் கணினியில் ஒட்டிப் பார்க்கிறார்கள். அந்தக் கோப்புறைக்குள் பழைய கணினியின் முழுப்பாதைகள் எழுதப்பட்டிருப்பதால் அது வேறிடத்தில் ஒழுங்காக இயங்காது. எடுத்துச் செல்ல வேண்டியது பேக்கேஜ் கோப்புகளை. இணையம் உள்ள கணினியில், பென்டிரைவில் உருவாக்கிய ஒரு கோப்புறைக்குள் சென்று ‘பைதான் -எம் பிப் டவுன்லோட் மேட்பிளாட்லிப்’ என்று தட்டினால், மேட்பிளாட்லிப்பும் அது சார்ந்திருக்கும் நம்பை போன்றவையும் தனித்தனிக் கோப்புகளாக அங்கே வந்து விழும். வீட்டுக் கணினியில் அதே கோப்புறைக்குள் நின்று ‘பைதான் -எம் பிப் இன்ஸ்டால் --நோ-இண்டெக்ஸ் --ஃபைண்ட்-லிங்க்ஸ் . மேட்பிளாட்லிப்’ என்று தட்டினால் இணையம் இல்லாமலே நிறுவப்படும். இடையில் தனியே நிற்கும் புள்ளி ‘இந்தக் கோப்புறை’ என்பதைக் குறிக்கிறது, அதை விட்டுவிடக் கூடாது. இரண்டு கணினிகளிலும் இயங்குதளமும், 32 பிட்டா 64 பிட்டா என்பதும், பைதானின் 3.11, 3.12 போன்ற பதிப்பு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதால், பென்டிரைவைச் செருகுவதற்கு முன் பதிப்பு எண்ணையாவது இரண்டிலும் ‘பைதான் --வெர்ஷன்’ கட்டளையைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.