நாய்க்குட்டி வாங்கும் முன் தாயைப் பாருங்கள்

நாய்க்குட்டி வாங்கச் செல்பவர்கள், அதன் முகத்தில் மயங்குவதற்கு முன், தாய் நாயையும் அவை வளரும் இடத்தையும் நேரில் காட்டும்படி கேட்க வேண்டும். அதற்குத் தயங்குபவரும், குட்டியை வழியில் எங்காவது கொண்டுவந்து தருவதாகச் சொல்பவரும் எவ்வளவு இனிக்கப் பேசினாலும், அவர்களிடம் வாங்காமல் திரும்புவதே நல்லது. குட்டிக்குக் குறைந்தது 8 வாரமாவது நிறைந்திருக்க வேண்டும். அதற்கு முன்பே பிரிக்கப்படும் குட்டி, கடியின் வேகத்தை அடக்கக் கூடப்பிறந்தவற்றோடு விளையாடிக் கற்கும் வாய்ப்பை இழந்துவிடுகிறது.

கண்ணில் பீளையோ மூக்கில் சளியோ இருக்கக்கூடாது. விலா எலும்பு தெரிய, வயிறு மட்டும் உப்பியிருந்தால் குடற்புழுவாக இருக்கலாம். சற்றுத் தள்ளித் தரையில் சாவிக்கொத்தைப் போட்டுப் பாருங்கள்; ஒரு கணம் திடுக்கிட்டாலும் உடனே மோந்து பார்க்க வரும் குட்டியையே நான் தேர்ந்தெடுப்பேன்.

பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான முதல் தடுப்பூசி வழக்கமாக 6 முதல் 8 வாரத்திற்குள் போடப்படுவதால், தேதியும் கால்நடை மருத்துவரின் கையொப்பமும் உள்ள அட்டையைக் கேட்டு வாங்குங்கள். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு இனங்களில் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரக்கூடும் என்பதால், பெற்றோரின் எக்ஸ்ரே முடிவையும் கேட்கலாம். பகலில் குட்டியை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று வளர்ப்பவர் உங்களையே குடைந்து கேட்டால் எரிச்சல்படாதீர்கள். பொறுப்பானவர் அப்படித்தான் கேட்பார்.