முதல் லேசர் பாயின்டர்: தேர்ந்தெடுப்பதும் பாதுகாப்பாகக் கையாள்வதும்

சென்னை ரிச்சி தெரு மின்னணுக் கடைகளில் லேசர் பாயின்டர் வாங்க வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, “இது எவ்வளவு தூரம் போகும்?” என்பதுதான். கேட்க வேண்டிய கேள்வியோ, “இது எத்தனை மில்லிவாட்?”, அதாவது கதிரின் திறன் எவ்வளவு என்பது. புதிதாக வாங்குபவருக்கு இந்த ஒரு கேள்வியே பாதி வேலையை முடித்துவிடும்.

முதலில் தேவையைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். வகுப்பறையிலோ கருத்தரங்கிலோ ப்ரொஜெக்டர் திரையில் ஒரு வரியைச் சுட்டிக்காட்ட 1 மில்லிவாட் போதும். திரைக்குப் பதிலாகப் பெரிய டிவி மாட்டியிருக்கும் அறையில் லேசர் புள்ளி சரியாகவே தெரியாது. அங்கே மவுஸ் அம்புக்குறியே மேல்.

இரண்டாவதாக, லேபிளைப் படியுங்கள். நிறத்தைத் தீர்மானிக்கும் அலைநீளம் (நானோமீட்டரில்), அதிகபட்சத் திறன், ஆபத்தின் அளவைச் சொல்லும் கிளாஸ் எண் ஆகிய மூன்றும் அதில் அச்சாகியிருக்க வேண்டும். கிளாஸ் 2 என்றால் 1 மில்லிவாட்டுக்கு மேல் போகாது. 3ஆர் என்றால் 5 மில்லிவாட் வரை. 3பி என்றால் 500 வரை. அதற்கும் மேற்பட்டது கிளாஸ் 4. கூசும் ஒளி பட்டதும் சுமார் கால் நொடியில் நாம் கண்ணை மூடிக்கொள்கிறோம் அல்லவா, அந்த இமைப்பைக் கணக்கில் கொண்டுதான் கிளாஸ் 2 வரம்பை வகுத்திருக்கிறார்கள். 3பி பாயின்டரின் கதிரோ இமை மூடுவதற்கு முன்பே விழித்திரையைச் சுட்டுவிடக்கூடும். விழித்திரைக்கு வலி தெரியாது என்பதால், பார்வையில் கரும்புள்ளி விழுந்த பிறகுதான் பட்டவருக்கே விஷயம் புரியும். ஆகவே லேபிள் இல்லாத பாயின்டரை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாங்க வேண்டாம்.

லேபிள் இருந்தாலும் அப்படியே நம்பிவிட முடியாது. ஒருமுறை ஒரு கடையில், 5 மில்லிவாட் என்று ஒட்டியிருந்த பச்சை பாயின்டரைக் கொண்டு தீக்குச்சியைப் பற்றவைத்துக் காட்டினார்கள். 5 மில்லிவாட்டால் தீக்குச்சி பற்றாது. அப்படிப் பெருமையாகக் காட்டப்படும் பொருளைக் கையில்கூட வாங்காமல் திரும்பிவிடுங்கள்.

மூன்றாவது, நிறம். ஒரே திறனுள்ள சிவப்பு பாயின்டர்களில், 650 நானோமீட்டரை விட 635 நானோமீட்டர் நம் கண்ணுக்கு இரு மடங்கு பிரகாசமாகத் தெரியும். 532 நானோமீட்டர் பச்சையோ ஏறத்தாழ எட்டு மடங்கு. பளிச்சென்று தெரிய வேண்டுமென்றால் திறனைக் கூட்டத் தேவையில்லை, நிறத்தை மாற்றினாலே போதும். ஆனால் மலிவான 532 பச்சையில் ஒரு சிக்கல் உண்டு. அதனுள் இருக்கும் 808 நானோமீட்டர் அகச்சிவப்பு டயோடின் ஒளி, ஒரு படிகத்தில் 1064 ஆக மாறி, அடுத்த படிகத்தில் அலைநீளம் பாதியாகிப் பச்சையாக வெளிவருகிறது. முகப்பில் வடிகட்டி வைக்காமல் விட்டால், மாறாமல் மீந்த அகச்சிவப்பும் கூடவே வரும்; கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளிக்கு இமையும் மூடாது. 10 மில்லிவாட் என்று விற்கப்பட்ட ஒரு பச்சை பாயின்டர், மங்கலான பச்சையோடு ஏறத்தாழ 20 மில்லிவாட் அகச்சிவப்பையும் உமிழ்ந்ததை அமெரிக்காவின் தேசியத் தர அளவீட்டு ஆய்வகமான நிஸ்ட் 2010இல் வெளியிட்டது. எனவே முதல் பாயின்டர் 635 நானோமீட்டர் சிவப்பாக இருக்கட்டும் என்பதே என் தீர்மானமான கருத்து. 405 நானோமீட்டர் ஊதா கண்ணுக்கு மங்கலாகத் தெரிவதாலேயே அதன் திறனைக் குறைவாக எடைபோட்டுவிடுவோம்; அதுவும் வேண்டாம்.

நான்காவது, பட்டன். விரலை எடுத்ததும் அணைந்துவிடும் பட்டனே நல்லது. பேட்டரி, சாதாரண ஏஏஏ வகையாக இருக்கட்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் பட்டன் பேட்டரி விழுங்கப்படும் அபாயம் தனி.

வீட்டுக்கு வந்ததும் முதன்முறை எரியவைக்கும்போது, வாய்ப்பக்கம் எது என்று பார்த்து உறுதி செய்துகொண்டு, மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் வெறும் சுவரை நோக்கி, இடுப்பு உயரத்துக்குக் கீழே பிடித்து அழுத்துங்கள். பீரோக் கண்ணாடி, எவர்சில்வர் குடம், டைல்ஸ் பதித்த தரை ஆகியவை கதிரைத் திருப்பி அனுப்பும். குடத்தின் வளைந்த பக்கத்தில் படும் புள்ளி, கை சற்று அசைந்தாலும் எதிர்ச்சுவரில் நீண்ட கோடாக ஓடுவதைப் பார்த்தால், அது எங்கே போய் விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பது விளங்கும். பேசும்போது சுட்ட வேண்டிய சொல்லைச் சுட்டிவிட்டு விரலை எடுங்கள்; அவையோர் பக்கம் திரும்பும்போது புள்ளி எரிந்துகொண்டிருக்கக் கூடாது. விளையாட்டாகக்கூட யார் முகத்திலும், வாகன ஓட்டிகள் மீதும் அடிக்காதீர்கள்.

மொட்டை மாடியில் நட்சத்திரம் காட்ட விரும்புவோர் வானத்தை நன்றாகப் பார்க்க வேண்டும். பம்மல், பொழிச்சலூர், பரங்கிமலைப் பகுதிகளில் மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானங்கள் தாழ்வாகப் பறக்கும். அங்கே மாடியில் லேசரே வேண்டாம். கையருகே ஊசிமுனைப் புள்ளியாக இருக்கும் கதிர், ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலத்துக்கு விரிந்து, காக்பிட் கண்ணாடியில் சிதறி, விமானி ஓடுபாதையைப் பார்க்க முடியாதபடி கூசவைக்கும். விமானத்தை நோக்கி லேசர் அடிப்பது குற்றமும்கூட.

பயன்படுத்தி முடித்ததும் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். சென்னையின் ஈரக்காற்றில் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் துருப்பிடித்துவிடும். வெயிலில் நிற்கும் வண்டியின் டிக்கியிலும் வைக்காதீர்கள். லேசர் டயோடு சூட்டைத் தாங்காது.

யார் கண்ணிலாவது கதிர் பட்டுவிட்டால், கண்ணைத் தேய்க்காமல் உடனே பார்வையை விலக்கச் சொல்லுங்கள். சில நிமிடங்களில் கூச்சம் அடங்காமல் மங்கலோ புள்ளியோ நீடித்தால், கண் மருத்துவரிடம் போக வேண்டும். 1819 முதல் இயங்கிவரும் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை நம் ஊரிலேயே இருக்கிறது. போகும்போது அந்த பாயின்டரையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எத்தனை நானோமீட்டர், எத்தனை மில்லிவாட் என்பது மருத்துவருக்குத் தெரிய வேண்டும்.