சின்னப் பாய்மர போட்டுக்கு எலெக்ட்ரிக் மோட்டர் எடுக்க முதல்

எத்தனை குதிரைவலு எண்டு கேட்டுக்கொண்டு கடைக்குப் போகாதீங்க. உங்களிட்ட பாய் இருக்கு, மோட்டர் தேவைப்படுறது காத்து விழுந்தாப் பிறகு கரைக்கு வந்து சேரத்தான், அதால முதல்ல பட்டரியில எத்தனை வொட் அவர், அதாவது எவ்வளவு கரண்ட் சேமிச்சு வச்சிருக்கும், எண்டு பாருங்க.

பொல்கொடை ஏரியில ஓடுற 14, 16 அடி போட்டுக்கு 1 கிலோவொட் தாராளம். ஈப்ரொபல்ஷன் ஸ்பிரிட் 1.0 பிளஸ் எண்ட 1 கிலோவொட் மோட்டரெண்டா பட்டரி 1276 வொட் அவர், ஃபுல்லா முறுக்கினா ஒண்டேகால் மணித்தியாலத்தில முடிஞ்சிடும், ஆனா பவரைப் பாதியாக் குறைச்சா வேகம் அஞ்சில ஒரு பங்குதான் குறையும், நேரம் ரெட்டிப்பாகும், அப்ப போற தூரமும் கூடும். இது விளங்கினா பெரிய மோட்டருக்குக் காசு கொட்ட மாட்டீங்க.

மலிவா இருக்கெண்டு 12 வோல்ட் ட்ரோலிங் மோட்டரும் (மீன்பிடி போட்டுக்குப் பூட்டுற சின்ன எலெக்ட்ரிக் மோட்டர்) ஈய பட்டரியும் பாக்கிறவங்களுக்கு: 55 றாத்தல் தள்ளுவிசை உள்ள மோட்டர் ஃபுல்லில 50 அம்பியர் அளவு இழுக்கும், 100 அம்பியர் அவர் பட்டரியைப் பாதிக்குக் கீழ இறக்கினா அதின்ட ஆயுசு குறையும், அப்ப கையில இருக்கிறது ஒரு மணித்தியாலம் கூட இல்ல. நான் அப்படித்தான் எதிர்காத்தில மாட்டுப்பட்டு, பின்னேரம் முழுக்கத் துடுப்புப் போட்டு வந்தன், கூட வந்த மகள் பயந்துபோனா.

ஷாஃப்ட், அதாவது மோட்டரில இருந்து ப்ரொப்பெல்லர் மட்டும் கீழ இறங்கிற தண்டு, அதின்ட நீளத்தை அளக்காம வாங்கவே வேணாம். பாயை இறக்க ஒராள் முன்னுக்குப் போன உடன போட்டின்ட பின்பக்கம் தூக்கும், ஷாஃப்ட் கட்டையெண்டா ப்ரொப்பெல்லர் வெளிய வந்து சும்மா சுத்தும், போட் நகராது. அதால ஒராளை முன்னுக்கு நிக்க வச்சுட்டு, மோட்டர் பூட்டுற இடத்தில இருந்து தண்ணி மட்டும் அளந்து பாருங்க. பாய் போட்டுக்கு அநேகமா லோங் ஷாஃப்ட்தான் சரி.

பாணந்துறைப் பக்கத்தால கடல்தண்ணி ஏரிக்குள்ள வாறதால உப்புத்தண்ணிக்குச் செய்த மோட்டரா எடுங்க. ஓடி முடிய நல்லதண்ணி ஊத்திக் கழுவுங்க, துரு பிடிக்காமக் காக்கிற அனோட் தேஞ்சா மாத்துங்க.

வெள்ளவத்தை மாதிரி இடத்தில மாடி ஃப்ளாட்டில இருக்கிறவங்களுக்குக் கழட்டிற பட்டரிதான் வசதி, வீட்ட கொண்டுபோய் ராவில சார்ஜ் போடலாம்.

இன்னொண்டு, வெளிநாட்டில இருந்து வாற சொந்தக்காரரிட்ட பட்டரியை லக்கேஜில கொண்டுவரச் சொல்லாதீங்க. 160 வொட் அவருக்கு மேற்பட்ட லித்தியம் பட்டரியைப் பயணிகள்ட சாமானோட பிளேனில ஏத்த விட மாட்டாங்க, எயார்போட்டில அந்தாள்தான் அந்தரப்படும்.