ரேகன்ஸ்பர்க் போனால் ஞாயிறு காலையை விட்டுவிடாதீர்கள்

ஜெர்மனியில் மியூனிக் வரை போகிறவர்கள் ஒரு இரவாவது ரேகன்ஸ்பர்க்கில் தங்குங்கள். ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். பயர்ன் டிக்கெட் என்ற ஒருநாள் பயணச்சீட்டு எடுத்தால் உள்ளூர் ரயில்களில் நாள் முழுக்கச் சுற்றலாம். வார நாளில் மட்டும் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும்.

சனிக்கிழமையே போய்விடுவது நல்லது. ஞாயிறு காலைப் பூசையில் புனித பீட்டர் பேராலயத்தில் டோம்ஷ்பாட்சன் என்ற பேராலயப் பாடகர் குழுவின் பிள்ளைகள் பாடுவார்கள். 975ஆம் ஆண்டிலேயே வேர்விட்ட குழு அது. வழக்கமாக 10 மணிக்குத் தொடங்கும், கட்டணம் கிடையாது. அரை மணி முன்பே போனால் உட்கார இடம் கிடைக்கும். வழிபாடு என்பதால் படம் எடுக்காதீர்கள். பள்ளி விடுமுறையில் பாட மாட்டார்கள், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த உயர்ந்த கூரைக்குக் கீழே இளங்குரல்கள் எழும்போது கேட்க வேண்டும், ஒலிப்பதிவில் அது வராது!

அப்புறம் டான்யூப் ஆற்றங்கரைக்கு நடந்தால் 12ஆம் நூற்றாண்டுக் கல் பாலம். அதை ஒட்டியே வுர்ஸ்ட்குஹல் என்ற சின்னக் கடை. கரியில் சுட்ட விரல் நீளச் சாசேஜ், புளித்த முட்டைக்கோஸ், இனிப்புக் கடுகு. சுவரில் வெள்ளம் ஏறிய உயரங்களைக் குறித்து வைத்திருக்கிறார்கள், அதையும் பாருங்கள். இறைச்சி வேண்டாம், முட்டை பரவாயில்லை என்றால் வேறு கடையில் கேஸஷ்பெட்ஸ்லே கேளுங்கள். பாலாடைக்கட்டியும் வறுத்த வெங்காயமும் சேர்ந்த முட்டை நூடுல்ஸ் அது.

ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். தண்ணீர், பழம் எல்லாம் சனியே வாங்கிவிடுங்கள். கையில் கொஞ்சம் ரொக்க யூரோவும் இருக்கட்டும்.